வெறும் செற்றியும் என் குரலும்

1989ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு கழிந்த அடுத்த கிழமை. யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நடந்ததை எங்கள் தெருவே பிறகு பார்த்தது. ஆனால் அவர்கள் பார்த்தது பாதிதான். மீதியை இன்றைக்குத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் இறந்துபோய்விட்டார். அண்ணனையும் என்னையும் அம்மா மீன் விற்றுத்தான் வளர்த்தார். மீன் கடகப் பெட்டியோடு ஏறினால் பஸ்ஸில் முகம் சுளிப்பார்கள் என்று உடுவில் வரைக்கும் நடந்தே போய், வீடு வீடாக விற்றுவிட்டு வருவார். பிற்காலத்தில் சந்தையில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. அண்ணன் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனிக்குப் போனான். நான் படித்து ரீச்சரானேன், கலியாணம் கட்டினேன், ஒரு மகளும் பிறந்தாள். என் கணவருக்குக் கொழும்பில் வேலை. அம்மா என்னோடுதான் இருந்தார். மீன் விற்பதை விடச் சொல்லி அண்ணன் கெஞ்சிப் பார்த்தான், நான் சண்டை பிடித்தே பார்த்தேன். கேட்டால்தானே! "வீட்டிலை குந்திக்கொண்டிருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கடகத்தைத் தூக்கிவிடுவார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் புது ஆளைக் கண்டால் முதலில் கேட்பது "எந்த இடம்?" என்றுதான். அந்த ஒரு கேள்வியிலேயே சாதி, தொழில் எல்லாம் வந்துவிடும். 'குருநகர்' என்று சொல்லும்போது என் குரல் தானாகக் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகு "அம்மா என்ன செய்யிறா?" என்று கேட்டார்களோ, பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்த நிலையில் அண்ணன் ஜேர்மனியிலேயே ஒரு பிள்ளையை விரும்பிக் கட்டினான். அந்தப் பிள்ளை உடுவில். தோட்டக்காணி, கல்வீடு என்று வசதியான குடும்பம். எந்த வீடு என்று கேட்டதுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "அட, அது என்ரை வாடிக்கை வீடெல்லோ! ஓரா மீன் எண்டால் விடமாட்டினம்" என்று சந்தோசமாகச் சொன்னார். சம்பந்தி வீட்டு வாசல் படலையில் நின்று மீன் விற்றவர் என் அம்மா! பெண் வீட்டார் ஏற்கெனவே முகம் கொடுக்காமல்தான் இருந்தார்கள். அண்ணன் பெண்சாதி, என் மச்சாள், பிள்ளைத்தாய்ச்சி என்ற பிறகுதான் கொஞ்சம் இளகியிருந்தார்கள். இதை வெளியில் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்காத குறை.

அப்போதுதான் அந்தக் கமெரா வந்தது. அண்ணனோடு ஒரே இடத்தில் வேலை செய்கிற அரியாலைக்காரர் ஒருவர் தாய் தகப்பனைப் பார்க்க வந்திருந்தார். கையில் சின்ன வீடியோக் கமெரா. "ரீச்சர், அண்ணை சொல்லிவிட்டவர். அம்மா சின்ன வயதிலையிருந்து இண்டைவரைக்கும் தன்ரை கதையைத் தானே சொல்லவேணுமாம். பிறக்கப்போற பிள்ளை வளர்ந்து பார்க்கவேணுமாம்" என்றார்.

கமெராவை முற்றத்தில் வைத்தே எனக்குக் காட்டித் தந்தார். "இதை அமத்தினால் ஓடும். இன்னொருக்கா அமத்தினால் நிக்கும். வேறை ஒண்டுமில்லை." அமத்தியும் காட்டிவிட்டு, என் கையில் தந்துவிட்டுப் பின்னேரம் வந்து எடுப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். அடுத்த நாள் அவருக்குக் கொழும்புப் பயணம். கண்ணை வைத்துப் பார்க்கும் துளைக்குள் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு என்றால் நில். வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு அதைப் படிப்பித்தவள் நான். ஆகவே கமெரா இப்போது நிற்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் குஷன் போட்ட செற்றியைத் தூக்கிவந்து எங்கள் விறாந்தை அறையில் போட்டேன். அவவின் திரைச்சீலையை வாங்கி, செற்றிக்குப் பின்னால் இருந்த அறை வாசலில் தொங்கவிட்டேன். அது எங்கள் வாசலுக்கு அளவு காணாமல் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பரவாயில்லை, கமெராவில் யார் கீழே பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அக்காவின் அட்டியலும் காப்பும் அம்மாவின் கழுத்திலும் கையிலும் ஏறின. பிறகு அம்மா என்ன சொல்லவேண்டும் என்று பாடம் சொல்லிக் கொடுத்தேன். நல்ல குடும்பத்தில் பிறந்தேன், கணவர் சொந்தத் தோணி வைத்துத் தொழில் செய்தார், பிள்ளைகளைத் தேவபயத்தோடு வளர்த்தேன்.

"சொந்தத் தோணியோ? உன்ரை கொப்பர் மற்றவன்ரை தோணியிலை பங்குக்குப் போன மனுசன்" என்று அம்மா சிரித்தார்.

"அம்மா, சொல்றதைச் சொல்லுங்கோ. இதை உடுவில் ஆக்கள் பார்ப்பினம். மச்சாளின்ரை தமையன்மாரும் ஜேர்மனியிலைதான்."

"உன்ரை கொண்ணன் என்ரை கதையைக் கேட்டவனோ, உன்ரை கதையைக் கேட்டவனோ?"

நான் முறைத்தேன். சந்தையில் யாருக்கும் வாய் விட்டுக்கொடுக்காத மனுசி, என்னிடம் மட்டும் அடங்கிப்போவார். ரீச்சரல்லவா நான்!

கமெராவை அமத்தி, "சொல்லுங்கோ" என்பேன். அம்மா பூசையில் வாசகம் வாசிப்பதுபோல இரண்டு வரி சொல்லிவிட்டுத் தடுமாறுவார். திரும்ப அமத்தி, கமெராவை முன்னால் இருந்த மேசையில் வைத்துவிட்டு, மறந்ததைச் சொல்லிக் கொடுப்பேன். அந்த இடைவெளிகளில் அம்மா அக்காவோடு கதைக்கத் தொடங்கிவிடுவார். அதில் மட்டும் தடுமாற்றமே இல்லை. கையை ஆட்டி, குரலை மாற்றி, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்படி கதைத்தார். நான் அதில் ஒரு சொல்லையும் காதில் வாங்கவில்லை. எனக்குக் குஷனைத் திருப்பி வைக்கிற வேலை, கோழியைத் துரத்துகிற வேலை. நடுவில் அம்மாவின் பருத்திச் சேலை எடுபடவில்லை என்று என்னுடைய பட்டுச்சேலையைக் கொடுத்து உடுத்திக்கொண்டு வரச்சொல்லி அறைக்குள் அனுப்பினேன். வந்து இருந்தார். எடுத்து முடித்தோம். அரியாலைக்காரர் வந்து கமெராவை வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சின்னக் கசெற் எங்களூர் வீடியோ டெக்குகளுக்குள் போகாது, அதனால் எடுத்ததை இங்கே யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. சந்தையால் அம்மா வரும்போது என் மகள் படலைக்கு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். முன்பென்றால் கடகத்தை இறக்கமுன்னமே அம்மா அவளைத் தூக்கிக் கொஞ்சிவிடுவார். இப்போது, "பொறு குஞ்சு, குளிச்சிட்டு வாறன்" என்று கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தலை முழுகி, சேலை மாற்றிப் பின்பக்கத்தால்தான் வீட்டுக்குள் வந்தார். நான் சண்டை பிடித்தும் வராத புத்தி தானாக வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோசம். இதை எழுதவே கை கூசுகிறது.

நத்தார் பண்டிகைக்கு முன்னால் அண்ணனிடமிருந்து ஒரு பெரிய கசெற் வந்தது. அம்மா தன்னைத் தானே பார்க்கவேண்டும் என்று, நாங்கள் அனுப்பியதைப் பெரிய கசெற்றில் ஏற்றி, கடைசியில் தங்கள் பிள்ளையையும் படமெடுத்து அனுப்பியிருந்தான். வெளிநாட்டுக் கசெற் வந்தால் எங்கள் தெருவில் அது ஒரு திருவிழாத்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வந்தன. வெளிச்சம் வராமல் ஜன்னல்களைப் போர்வையால் மூடினோம். பாயிலும் வாசலிலும் சனம் நிறைந்துவிட்டது. என்னோடு படிப்பிக்கும் ரீச்சர்மாரையும் கூப்பிட்டிருந்தேன். சொந்தத் தோணிக் கதையை அவர்களும் கேட்கட்டுமே! ஜெனரேற்றர் கத்துகிறதென்று ரீவியின் சத்தத்தை உச்சத்தில் வைத்தார்கள்.

படம் தொடங்கியது. எங்கள் முற்றம். என் கால்கள். ஒரு கோழி. பிறகு செற்றியில் அம்மா. ஆனால் அவர் கமெராவைப் பார்க்கவில்லை, அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, மீன் கதையை விடுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்றது?" என்று ரீவிக்குள்ளிருந்து என் குரல் அலறியது. அப்போதுதான் விளங்கியது. சிவப்பு விளக்கு எரியும்போதுதான் கமெரா ஓடியிருக்கிறது. நான் எடுத்ததாக நினைத்தது ஒன்றும் இல்லை. எடுக்கவில்லை என்று நினைத்ததெல்லாம் இருந்தது!

"அக்கா, உந்தக் குஷனைத் திருப்பி வையுங்கோ, கிழிஞ்ச பக்கம் தெரியுது." சனம் சிரித்தது. "காப்பு தெரியக் கையைத் தூக்கி வையுங்கோ அம்மா." இன்னும் சிரித்தது. ரீச்சர்மாரும் சிரித்தார்கள். எழும்பி ஓடவும் வழியில்லை, வாசல் முழுக்கச் சனம்.

ஆனால் அம்மாவைச் சும்மா சொல்லக்கூடாது. இரவல் காப்புப் போட்ட கையால், இல்லாத மீனின் செவுளைத் தூக்கி 'பாருங்கோ, இரத்தம் மாதிரிச் சிவப்பு' என்று காட்டுகிறார். அப்பா தன்னைப் பெண் கேட்டு வரமுன்னம், என் அம்மம்மாவுக்குரிய மீன் கூறில் எப்போதும் ஒரு மீனைக் கூடப் போட்டுவிடுவாராம், கேட்டால் 'எண்ணத் தெரியாது' என்பாராம். அதைச் சொல்லும்போது அம்மா சின்னப் பெட்டை மாதிரி வெட்கப்படுகிறார். உடுவில் வீட்டுப் படலையில் தன்னை வெளியே நிறுத்தித்தான் மீன் வாங்குவார்கள், தண்ணீர் கேட்டால் கையில்தான் ஊற்றுவார்கள், ஆனால் அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை மட்டும் நண்டு பார்க்க ஓடிவந்து தன் பக்கத்திலேயே குந்திவிடும் என்கிறார். அப்பாவைப் பற்றிய அந்தக் கதையை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் கேட்டேன். என் கண்முன்னால், என் வீட்டில் சொல்லப்பட்ட கதை. நான் கோழி துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அம்மா சேலை மாற்ற எழும்பிப் போனார். ரீவியில் வெறும் செற்றி. பின்னால் திரைச்சீலை. சிரிக்க ஒன்றும் இல்லாததால் சனம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள், உச்சச் சத்தத்தில், என் குரல் வந்தது.

"எத்தினை பட்டு உடுத்திவிட்டாலும் இந்த மனுசியிலை இருக்கிற மீன் வெடில் போகாது அக்கா. பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையிலையும் நாறுது. நான் பள்ளிக்கூடத்திலை ஆக்களுக்குப் பக்கத்திலை இருக்கவே கூசுது."

ஐயோ மாதாவே! பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அக்காவிடம் வாய்தவறி ஏதோ சொன்னதாகக்கூட எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். தலையைக் குனியப் போனபோதுதான் அதைக் கண்டேன். வெறும் செற்றிக்குப் பின்னால், அந்த அளவு காணாத திரைச்சீலைக்குக் கீழே, இரண்டு கால்கள். என் பட்டுச்சேலையின் கரை, அதற்குக் கீழே அம்மாவின் வெடித்த பாதங்கள். வெளியே வரத் தூக்கிய ஒரு பாதம் அப்படியே நிலத்தில் திரும்ப வைக்கப்பட்டது. நான் பேசி முடியும்வரை அசையாமல் நின்றன. பிறகும் கொஞ்ச நேரம் நின்றன. அதற்குப் பிறகுதான் திரைச்சீலை விலகியது. அம்மா சிரித்த முகத்தோடு வந்து இருந்து, "சரியோ பிள்ளை, வடிவா இருக்கோ?" என்று கேட்டார்.

ஆக, அன்றைக்கே அவருக்குத் தெரியும். கிணற்றடிக்குப் போனது, கையைப் பின்னால் வைத்தது, பின்பக்கத்தால் வந்தது, எல்லாம் அந்த நாளிலிருந்துதான். நான் 'புத்தி வந்துவிட்டது' என்று சந்தோசப்பட்டதும் அந்த நாளிலிருந்துதான்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று பயந்தேன். அப்போது அம்மா தன் சந்தைக் குரலில், "ஒருத்தரும் மூக்கைப் பொத்தாதேங்கோ! ரீவியாலை மணம் வராது!" என்றார். வீடே வெடித்துச் சிரித்தது. பார்வை என்னை விட்டுப் போய்விட்டது. என்னைக் காப்பாற்றிவிட்டார். தன்னை நாறுது என்று சொன்னவளை, தன்னையே பகிடியாக்கிக் காப்பாற்றினார்.

கசெற்றின் கடைசியில் மச்சாள் வந்தா, மடியில் பிள்ளையோடு. "மாமி, நண்டு பார்க்க ஓடிவாற பிள்ளை நான்தான். உங்களை ஒருநாளும் உள்ளுக்குக் கூப்பிடாத வீடு எங்கடை வீடுதான். எனக்கு வெக்கமாக் கிடக்கு மாமி. இஞ்சை உங்களுக்கு ஒரு அறை வைச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு அழுதா. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கப்பட வேண்டியவள் வெட்கப்படாமல் இருக்க, யாரோ வீட்டுப் பிள்ளை எனக்கும் சேர்த்து வெட்கப்பட்டதுபோல இருந்தது. நான் மீன் வெடில் என்று சொன்ன வரியை அண்ணன் கவனிக்கவில்லையாம். அங்கே எல்லோரும் சிரித்துக் கதைத்துக்கொண்டே பார்த்தார்களாம்.

அடுத்த நாள் மத்தியானம் நானே படலைக்குப் போய் நின்றேன். அம்மா கடகத்தோடு வந்தார். கையைப் பிடிக்கப் போனேன். "அம்மா, அண்டைக்கு நான் சொன்னது..."

"என்னத்தைச் சொன்னனீ? எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. தள்ளு பிள்ளை, குளிக்கவேணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அதனால் எனக்குப் பேச வழியில்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அவர் வேறு கதைக்குப் போய்விடுவார். கிணற்றடிக்குப் போவது மட்டும் மாறவில்லை.

பிறகு நாட்டில் திரும்ப யுத்தம் தொடங்கியது. கடலுக்குப் போகத் தடை, மீன் வரத்து நின்றது, அம்மாவின் சந்தையும் நின்றது. 1995இல் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணமே மழைக்குள் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மூலை கிடைத்தது. கிணற்றில் குடிக்கத் தண்ணீர் அள்ளவே சண்டை, குளிப்பு எங்கே! அம்மா உள்ளே வரவில்லை. வாசல் படியோடு ஒதுங்கி இருந்தார், படுப்பதும் அங்கேதான். சாரல் அடிக்கிறது, உள்ளே வாங்கோ அம்மம்மா என்று என் மகள் போய் இழுத்தாள்.

"நான் இன்னும் குளிக்கேல்லை குஞ்சு" என்றார்.

அவர் மீனைத் தொட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நான் எழும்பிப் போய், அந்த ஈரப் படியில் இருந்து, அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். "என்ன பிள்ளை, என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் கைகள் இரண்டையும் என்னில் படாமல் தூக்கியே வைத்திருந்தார். அந்தக் கைகளை நான்தான் பிடித்து இழுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். அம்மா அங்கேயே கண்ணை மூடினார், ஊர் திரும்பும்போது எங்களோடு இல்லை.

அந்தக் கசெற் அண்ணன் வீட்டில் இருக்கிறது. அண்ணன் பிள்ளைகளுக்கு அம்மாவின் மீன் கதைகள் எல்லாம் மனப்பாடம். சிவப்பு விளக்கை நான் சரியாக விளங்கியிருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு பொய்த் தோணி மட்டும்தான். வெறும் செற்றி வருகிற இடத்தை வெட்டிவிடட்டோ என்று அண்ணன் ஒருமுறை கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடுவில் வரைக்கும் நடந்து எங்களை வளர்த்த கால்கள் அவை. உடுவிலில் அவற்றைப் படலைக்கு வெளியே நிறுத்தியவர்கள் அந்நியர்கள், எங்கள் வீட்டுக்குள்ளேயே நிறுத்தியது என் வாய் என்பதை, அந்தத் திரைச்சீலைக்குக் கீழே பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் மறக்காமல் இருக்கவேண்டும்.